வெந்துபோன பொடி

புனேயில் கோந்த்வாவைத் தாண்டி இருந்த ஒரு கறிக்கோழிப் பண்ணையில் அவர் மேற்பார்வையாளர். பல்லடத்துக்காரர், ஒல்லியான மனிதர். கொட்டகைக்குள் நுழைந்ததும் குனிந்து, தரையில் பரப்பியிருக்கும் உமியில் ஒரு பிடியை அள்ளிப் பிழிந்து பார்ப்பார்.

அந்த வருடம் மக்காச்சோளத்துக்குத் தட்டுப்பாடு. நான் வேலை பார்த்த புனே தீவனக் கம்பெனி அதற்குப் பதிலாகக் கோதுமையைப் போட்டது. கோதுமை தின்றால் கோழியின் எச்சம் பிசுபிசுக்கும். அதைத் தடுக்க என்சைம் பொடியும் கலந்தோம். அப்படியும் அவருடைய கொட்டகை ஈரமாகி, கோழிகளுக்குப் பாதமெல்லாம் புண். அவருடைய அலட்சியம்தான் காரணம் என்று எழுதிவரவே எங்கள் மேலாளர் என்னை அனுப்பினார்.

அவர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, அந்தப் பொடிய, தீவனத்த ஆவியில வேக வைக்கறதுக்கு முன்னாடி கலக்கறீங்களா, பின்னாடியா?"

"முன்னாடிதான்."

"வெந்துபோன பொடி என்னத்தைங்க வேலை செய்யும்? உங்க மில்லுக்கே வந்து பாத்தனுங்க. தீவனக் குருணையக் கையில புடிக்க முடியல, அந்தச் சூடு. உங்க ஆளுங்ககிட்ட ரெண்டு தடவ சொல்லியாச்சுங்க."

அதிகச் சூட்டில் என்சைம் செயலிழந்துவிடும்; படித்த எனக்குத் தோன்றாத கேள்வி. அப்படியே அறிக்கையில் எழுதினேன். மேலாளர் அந்தப் பத்தியை அடித்துவிட்டு, "பராமரிப்புக் குறைபாடு" என்று எழுதிப் பண்ணை முதலாளிக்கு அனுப்பினார். நான் வாய் திறக்கவில்லை. அந்த மேற்பார்வையாளரின் வேலை போயிற்று.

அந்த அயோக்கியத்தனத்தில் எனக்கும் பங்குண்டு.

அடுத்த முறை போனபோது பண்ணையாட்கள் சொன்னார்கள்: சம்பளக் கணக்கைத் தீர்த்த பிறகும் அவர் ஒரு பகல் முழுக்க இருந்து, ஈர உமியை வாரிக் கொட்டி, புது உமி பரப்பிவிட்டுத்தான் போனாராம். யாரும் கேட்காத அந்த வேலையை எந்த மனசோடு செய்தார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.