மூணு தபா அடிச்சேன்

முத்தாபுதுப்பேட்டை ஷைலாவின் குரலுக்கு போனே தேவையில்லை என்பார் அவள் கணவர் வேதமுத்து. மொட்டை மாடியில் நின்று அவள் கூப்பிட்டால் ஆவடி ஸ்டேஷனில் கிளம்பிய ரயில் நின்று திரும்பிப் பார்க்குமாம். ஆனாலும் அவள் பிழைப்பு போனில்தான் நடந்தது. இட்லி மாவு அரைத்து, பாக்கெட் கட்டி, ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு அயனம்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் அடுக்குமாடி வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அங்கே குடியிருப்பவர்கள் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். கீழே நின்று போன் அடித்தால் மீட்டிங்கில் இருப்பார்கள். ஷைலா மறுபடி அடிப்பாள். மாவு புளித்துப் பொங்கி வழியும் வரைக்கும் மீட்டிங் நடத்துகிற மனிதர்களை அவள் நிறையப் பார்த்துவிட்டாள்.

அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது ஒரு தம்பி. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துக் கண்ணை மூடியபோது ரெனிஷ் ஒன்றாம் வகுப்புக்கூடப் போகவில்லை. பெண் பார்க்க வந்த வேதமுத்துவிடம் ஷைலா கேட்டது ஒன்றே ஒன்று: தம்பியும் கூட வருவான், சம்மதமா? அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் வேதமுத்து வாய் திறப்பதே அபூர்வம். அன்று திறந்தார். "வரட்டும். ஊட்ல என்கிட்ட பேசறதுக்கும் ஒரு ஆளு வோணுமே."

மாவு விற்றே ரெனிஷை இன்ஜினியர் ஆக்கினாள். கம்பெனி அவனை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டிக்கொண்டு அவள் அழுத அழுகையைப் பார்த்து, யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்த ஒரு குடும்பம் அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தது. பாவம், அவர்கள் கொஞ்சம் முன்னதாகவே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

நாட்டின் நடுவே ஏதோ ஒரு சின்ன ஊர். அங்கே ஹேரல்ட் என்கிற முதியவரின் வீட்டில் மாடி அறையை ரெனிஷ் வாடகைக்கு எடுத்தான். தனிக்கட்டையான அந்த மனிதரை அவன் தாத்தா என்றுதான் சொல்லுவான். ஒரு நாள் கடையில் நின்றுகொண்டு, ஏதாவது வாங்கி வர வேண்டுமா என்று கேட்க அவருக்கு போன் செய்தான். அவர் எடுக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் பார்த்தால், நிலவறைப் படிக்கட்டின் அடியில் தாத்தா கிடந்தார். தலையில் அடி. புருவத்துக்கு மேலே ஒரு வெட்டு. போலீசைக் கூப்பிட்டவனும் அவனே, போலீஸ் பிடித்துப்போனதும் அவனைத்தான்.

படியில் விழுந்தாலும் இப்படிக் காயம் படும் என்று ஒரு டாக்டர் சொன்னார். யாராவது அடித்தாலும் படும் என்று இன்னொரு டாக்டர் சொன்னார். இரண்டு டாக்டர்களுக்கும் நடுவே வழக்கு தொங்கிக்கொண்டிருந்தபோது, ரெனிஷ் சிறையிலிருந்து அக்காவைக் கூப்பிட்டான். அந்த நாட்டில் சிறைக் கைதியின் பேச்சு முழுவதையும் பதிவு செய்வார்கள். பதிவு செய்கிறோம் என்று முதலிலேயே ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் எச்சரிக்கவும் செய்யும். ரீசார்ஜ் தீர்ந்துபோகிறது என்று சொல்கிறாள் என்றே ஷைலா நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா நடந்துச்சு, எங்கிட்ட சொல்லு," என்று அவள் கதறினாள். தம்பியும் சொன்னான்.

"மூணு தபா அடிச்சேன்க்கா. தாத்தா எடுக்கல. நாலாவது தபா அடிச்சேன், கட்டாயிடுச்சு. சரி, தூங்கறாருன்னு வுட்டுட்டேன்."

ஆவடியில் பால் குடிக்கும் குழந்தைக்குக்கூட இது புரியும். ஆனால் அந்த மாநிலத்தில் தமிழுக்கென்று நீதிமன்றம் அங்கீகரித்த ஒரே மொழிபெயர்ப்பாளர் மனோகரன். இளம் வயதிலேயே தென்காசிப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்; ஞாயிறுதோறும் தமிழ்ச் சங்கத்தில் குறள் வகுப்பு எடுப்பவர். அவர் வார்த்தைக்கு வார்த்தை நேர்மையாக மொழிபெயர்த்துக் கொடுத்தார்: மூன்று முறை தாக்கினேன், முதியவரால் தாங்க முடியவில்லை, நான்காம் முறை தாக்கியபோது வெட்டுப்பட்டது, உறங்குகிறார் என்று விட்டுவிட்டு வந்தேன்.

புருவத்து வெட்டு நினைவிருக்கிறதல்லவா? ஜூரிகளுக்கும் நினைவிருந்தது.

ரெனிஷின் செல்போனிலிருந்து நான்கு அழைப்புகள் போனதற்கு ஆதாரம் இருந்தது. ஆமாம், வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் போய் அடித்திருக்கிறான் என்றார் அரசுத் தரப்பு வக்கீல். போதாதென்று, பதிவில் வரும் 'தாத்தா' என்ற சொல் குற்றம் சாட்டப்பட்டவனின் சொந்தத் தாத்தாவைக் குறிக்கிறதா, அவர் எப்படி இறந்தார் என்றும் விசாரித்து ஷைலாவுக்கு மெயில் வந்தது. வேதமுத்து தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைத் திரட்டி, தாத்தா அட்டாக்கில் போனார் என்று பதில் போட்டார். அட்டாக் என்றால் அவர்கள் ஊரில் மாரடைப்பு இல்லை, தாக்குதல். அந்தக் குடும்பத்திலேயே முதியவர்களுக்குப் பாதுகாப்பில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆயுள் தண்டனை. அந்தச் செய்தி வந்த அன்று ஷைலா கிரைண்டரை ஓடவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். உளுந்து அரைபட்டு, அரைபட்டு, மாவு சூடேறிக் கெட்டுப்போகும் வரைக்கும் அதை அணைக்கவில்லை. அவள் அழுவது தெருவுக்குக் கேட்கக்கூடாதாம். தெருவுக்கே அவள் குரலைத்தான் தெரியும். கிரைண்டர் ஓடும்போது அக்கா ஏன் சத்தம் போடவில்லை என்றுதான் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

வருஷங்கள் போயின. பொய்த் தீர்ப்பில் சிக்கியவர்களுக்காக வாதாடும் ஒரு வக்கீல் பெண், ஹெலன் என்று பெயர், வழக்கைக் கையில் எடுத்தாள். டாக்டர்கள் சண்டையை விட்டுவிட்டு, அந்த ஒரு சொல்லைப் பிடித்தாள். போனில் மறுமுனையில் இருந்தவள் ஷைலா. அவள் அதை எப்படிப் புரிந்துகொண்டாள் என்று வீடியோவில் சாட்சி சொல்ல வேண்டும். நீதிபதி சம்மதித்தார். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே? மாநிலத்தில் ஒருவர்தான் இருந்தார். மனோகரனே வந்தார்.

அவர்களுக்குக் காலை, இங்கே விளக்கு வைக்கும் நேரம். இன்டர்நெட் கொடுக்கும் கேபிள்காரன் வரதன் தானே வந்து லேப்டாப்பை மேசையில் நிறுத்தி, தடிமனான ஒயர் ஒன்றை ஜன்னல் வழியாக இழுத்துவைத்தான். ஷைலா ஞாயிறு ஆராதனைக்குக் கட்டும் பட்டுச் சேலையில் உட்கார்ந்தாள். திரையின் மூலையில், ஆரஞ்சு நிற உடுப்பில், பாதித் தலை நரைத்த ஒருவன் இருந்தான். அது தன் தம்பி என்று தெரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

அரசுத் தரப்பு வக்கீல், உங்கள் வட்டாரத்தில் 'அடி' என்றால் என்ன பொருள் என்று கேட்டார். ஷைலா ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். போன் அடிப்போம். மணி அடிப்போம். பெயின்ட் அடிப்போம். வெயில் அடிக்கும், காத்து அடிக்கும். குழந்தைக்கு மொட்டை அடிப்போம். பரீட்சையில் காப்பி அடிப்பார்கள். சாயங்காலமானால் ஆம்பளைகள் தண்ணி அடிப்பார்கள். மனோகரன் ஒவ்வொன்றையும் 'தாக்குதல்' என்றே தொடங்கி வியர்த்துப்போனார். சூரியன் தாக்குகிறது, குழந்தையின் முடியைத் தாக்குகிறார்கள், மாலை வேளைகளில் ஆண்கள் தண்ணீரைத் தாக்குகிறார்கள்.

உங்கள் ஊரில் அடிக்காமல் செய்யும் காரியமே கிடையாதா என்றார் வக்கீல்.

ஷைலா யோசித்தாள். "தூங்கறது ஒண்ணுதான் சார்."

"கொறட்ட அடிப்போம்," என்றார் பின்னாலிருந்து வேதமுத்து.

"நீ சும்மா கெட."

அடுத்த கேள்வியில் வக்கீல் குரலைத் தாழ்த்தினார். ஆளை அடிப்பதற்கும் அதே சொல்தானே? பைபிளின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தாள். ஆமாம் என்றாள். உங்கள் தம்பி எப்போதாவது யாரையாவது அடித்ததுண்டா? ஷைலா திரையின் மூலையைப் பார்த்தாள். பொய் சொல்லச் சொல்லி அவள் ரத்தமெல்லாம் கெஞ்சியது. கர்த்தர் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு பையனை அடித்திருக்கிறான் என்று சொல்லி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வேறு கேள்விகள் இல்லை என்று வக்கீல் புன்னகையோடு உட்கார்ந்தார்.

அந்த நொடியில் திரை உறைந்தது.

ஷைலாவின் பக்கத்தில் படமும் இல்லை, சத்தமும் இல்லை. கடல் கடந்து தம்பியைத் தானே குழியில் தள்ளிவிட்டு, மேலே மண்ணையும் போட்டாயிற்று என்று அவள் நெஞ்சு வெடித்தது. ஆனால் அமெரிக்க நீதிமன்றத்தில் படம் மட்டும்தான் நின்றுபோயிருந்தது. முத்தாபுதுப்பேட்டையின் ஒவ்வொரு முனகலும் அங்கே ஒலிபெருக்கியில் கணீரென்று கேட்டது. சாட்சியின் அறையில் கேட்கும் எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பேன் என்று மனோகரன் சத்தியம் செய்திருந்தார். சத்தியத்தைக் காப்பாற்றினார்.

"அக்கா, அழுவாத. லாயரம்மாக்கு அடி," என்றது வரதனின் குரல்.

"பெண் வழக்கறிஞரைத் தாக்கும்படி ஒருவர் சொல்கிறார்," என்றார் மனோகரன்.

ஹெலனின் கைப்பையில் ஏதோ அதிர்ந்தது. நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவள் அவசரமாக உள்ளே கையை விட்டு நிறுத்தினாள்.

"அடிச்சேன்டா. கட் பண்ணிட்டாங்க."

"தாக்கிவிட்டாராம். அவர்... வெட்டிவிட்டாராம்."

"இன்னொரு தபா அடி. எடுக்கற வரிக்கும் அடிச்சிகினே இரு."

மனோகரன் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கைப்பை மறுபடி அதிர்ந்தது. காவலர் ஒருவர் ஹெலனுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார், எதிலிருந்து காப்பாற்றுவது என்று தெரியாமல்.

"அய்யோ, எடுக்கலியே. என் தம்பி போயிடுவானே."

"கிளார்க்கு நம்பர் ஒண்ணு குடுத்தாங்களே, அவருக்கு அடி. அவரும் எடுக்கலேன்னா ஜட்ஜுக்கே அடிச்சுடலாம்."

மனோகரன் வாயைத் திறந்தார். "எழுத்தரைத் தாக்க வேண்டும். அவரும் தாங்கவில்லை என்றால், மாண்புமிகு நீதிபதியையே..."

எழுத்தரின் மேசையில் போன் மணி அடித்தது.

மனோகரன் சொல்லை முடிக்கவில்லை. மேசையைப் பார்த்தார். ஹெலனின் பையைப் பார்த்தார். பிறகு ஆரஞ்சு உடுப்பில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார், வழக்கு தொடங்கிய நாளிலிருந்து முதல்முறையாக. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுங்கள் என்றார் நீதிபதி. எழுத்தர் எடுத்ததும் ஒரு பெண்ணின் விசும்பல் அந்த அறை முழுவதும் இரண்டாகக் கேட்டது, போனிலும் ஒலிபெருக்கியிலும்.

சொந்த வார்த்தையில் ஒன்று சொல்லலாமா என்று மனோகரன் அனுமதி கேட்டார். தான் ஊரைவிட்டு வந்த காலத்தில் தபால் ஆபீசில் மட்டும்தான் போன் இருந்தது, அப்போது ஜனங்கள் போன் 'போட்டார்கள்', அதை 'அடிக்க' ஆரம்பித்தது தனக்குத் தெரியாது என்றார். எடுக்கவில்லை என்றால் தாங்கவில்லை என்பதல்ல, கட்டானது மண்டையல்ல, லைன். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையைப்போல இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

தண்டனை ரத்தானது. மறு விசாரணை வேண்டாம் என்று அரசுத் தரப்பும் ஒதுங்கிக்கொண்டது. சிறை வாசலில் ரெனிஷைக் கட்டிப்பிடிக்க ஹெலன் காத்திருந்தாள். அதற்குள் இன்னொரு துறை அதிகாரிகள் வந்து அவனைப் பிடித்தார்கள். விசா காலம் முடிந்த பிறகும் நாட்டில் தங்கியிருந்தது குற்றமாம். எங்கே தங்கியிருந்தான் என்று ஹெலன் கேட்டாள். உங்கள் சிறையில்தானே? அதற்கான கட்டம் எங்கள் படிவத்தில் இல்லை என்று சொல்லி விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

ஷைலா கனவு கண்டபடியே எல்லாம் நடந்தது. கண்ணாடிக் கதவு திறந்தது, தம்பி வந்தான், அவள் ஓடிப்போய் அவன் தோளில் விழுந்தாள். தோள் மெலிந்து எலும்பாக இருந்தது.

"அக்கா, அழாதீர்கள். நான் நலமாக வந்து சேர்ந்துவிட்டேன்," என்றான் ரெனிஷ்.

ஹெலன் வழக்கை எடுத்த பிறகு, சிறையிலிருந்து பேசும்போதெல்லாம் அவன் இப்படித்தான் பேசுவான். மனோகரனுக்குப் புரியாத ஒரு சொல்லும் வாயிலிருந்து வரக்கூடாது என்று ஹெலன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ரெக்கார்டு பண்ணுகிறவனுக்காகப் பேசுகிறான், வெளியே வந்தால் பழையபடி ஆகிவிடுவான் என்று ஷைலா நினைத்திருந்தாள். ஆகவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் காட்டுப்பாக்கத்தில் பைக்கில் வந்த ஒருவன் அவர்கள் கார்மேல் உரசிவிட்டுத் திட்டியபோது, "பொறுத்தருளுங்கள், தவறு எங்களுடையதாகவும் இருக்கலாம்," என்று ரெனிஷ் கண்ணாடியை இறக்கிச் சொன்னான். பைக்கில் வந்தவன் பயந்து போய்விட்டான்.

வீட்டில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அவன் கொஞ்சம் நிற்பான். சொல்லப்போவதை யாராவது வேறு மாதிரி எடுத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று மனசுக்குள் ஒருமுறை பார்ப்பான். அப்புறம்தான் பேசுவான். வரதன் வந்து, "இன்னா மச்சான், எப்பிடி கீறே?" என்று முதுகில் தட்டியதற்கு அவன் பதில் சொல்வதற்குள் வரதன் டீயைக் குடித்து முடித்துவிட்டான்.

அன்று சமையலறையில் ஷைலா புருஷனிடம் அழுதாள். "என் தம்பிய குடுங்கடான்னா, நியூஸ் வாசிக்கறவன அனுப்பி வச்சிருக்கானுங்களே."

"வந்தான் இல்ல," என்றார் வேதமுத்து. "நியூஸாவது கேப்போம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்லில் வார்த்திருந்த தோசையைத் திருப்பி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். ரெனிஷ் தட்டின் முன்னால் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் மேசைமேல் தெரியும்படி வைத்து உட்கார்ந்திருந்தான். தெருவையே தன் குரலால் ஆட்டிவைக்கும் அந்தப் பெண் தொண்டையைச் செருமினாள். ஐந்தாம் வகுப்பில் படித்த தமிழை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாகப் பேசினாள்.

"தம்பி, இன்னும் ஒரு தோசை உண்ணுகின்றாயா?"

ரெனிஷ் நிதானித்து, யோசித்து, அதில் ஆபத்து எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டு, தட்டை நகர்த்தினான்.

"உண்கிறேன் அக்கா."