எந்த மாஃபி?

யேசுதாசனை நம்பாதே என்று வளைகுடாவில், ருவைஸ் லேபர் கேம்ப்பில் எனக்கு முதலில் சொன்னவர், மெஸ்ஸில் சாம்பார் ஊற்றும் முகம்மது சித்தீக் பாய். நான் கமுதிப் பக்கத்துக்காரன். அடுத்தவனைச் சந்தேகப்பட எனக்கு ஆள் வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் கேட்டுக்கொண்டேன்.

"கார்மேகம், அந்தாளு தூங்குறான்னு நெனச்சு எதையும் பேசிராதீங்க. திரைக்குப் பின்னால காது மட்டும் முழிச்சுக்கிட்டு இருக்கும்," என்றார் பாய்.

எங்கள் அறையில் இரண்டடுக்குக் கட்டில்கள். மேல் கட்டில் எனக்கு, கீழ்க் கட்டில் யேசுதாசனுக்கு. கட்டிலைச் சுற்றிப் பூப்போட்ட துணியைத் திரையாகத் தொங்கவிட்டிருப்பான். உள்ளே தூங்குகிறானா, விழித்திருக்கிறானா, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன் அவன். அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். இவனுக்கு அலையைப் பார்த்தாலே வாந்தி வரும் என்பதால் ஐடிஐ படித்துப் பைப் ஃபிட்டர் ஆகிவிட்டான். ஊரில் கோயில் திருநாளுக்கு நாடகம் போட்டு வளர்ந்தவன். பங்குச் சாமியார் நடக்கிற மாதிரி மேடையில் நடந்துகாட்டி, அந்தச் சாமியாரையே கண்ணில் நீர் வரச் சிரிக்க வைத்தானாம். இப்படிச் சொல்வது அவன்தான், சாமியார் சொல்லி நான் கேட்கவில்லை.

இங்கே வந்தும் அந்தப் புத்தி போகவில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் மெஸ் ஹாலில் ஒரு சிரிப்பு நாடகம் உண்டு. எழுதுவது, சொல்லித்தருவது, பெண் வேஷம் கட்டுவது எல்லாம் அவனே. கோழிக்குழம்பில் கோழியைத் தேடி சித்தீக் பாய் சட்டிக்குள் இறங்குவது ஒரு வருஷம். பெண்டாட்டியிடம் மேனேஜர் என்று புளுகிவிட்டு, வீடியோ கால் வந்ததும் துடைப்பத்தை ஒளிக்கும் ஹெல்ப்பர் இன்னொரு வருஷம். எல்லாம் எங்கள் கதைதான். எங்களிடமிருந்தே களவாடி எங்களுக்கே போட்டுக்காட்டுவான். நாங்களும் வெட்கமில்லாமல் சிரிப்போம்.

போன வருஷ நாடகத்தைப் பார்த்த சேஃப்டி ஆபீசர், அயர்லாந்துக்காரர், யேசுதாசன் முதுகில் தட்டினார். அவர் நாட்டில் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒருத்தர் ஊர் வம்பையே நாடகமாக்கி ஊரைச் சிரிக்கவைத்தாராம். யேசுதாசனைப் பார்த்தால் அவர் ஞாபகம் வருகிறதாம். அன்றைக்கு முதல் கேம்ப்பில் இவன் பெயர் 'ஐரிஷ்'. அந்தப் பழைய ஆளோடு ஒரே அறையில் கிடந்தவன் என்ன பாடு பட்டான் என்று மட்டும் துரை சொல்லவில்லை.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். பிளாண்ட்டை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை. எங்கள் குழுவில் ஒருத்தருக்குத்தான் லீவு. அது எனக்கு என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. என் மகள் பிறந்து, குப்புற விழுந்து, தவழவும் தொடங்கிவிட்டாள். போனில் பார்த்ததோடு சரி, தூக்கியதில்லை. தை மாதம் காதுகுத்து வைத்திருந்தோம். அந்த நேரம் பார்த்துச் சாரத்தின் மேலிருந்து என் கை தவறி ஒரு கிளாம்ப் விழுந்தது. போர்மேன் அபு நாசர், சிரியாக்காரர், காட்டுக் கத்தல் கத்தினார். மறுநாள் என் லீவு போய்விட்டது. போனால் போகட்டும், யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? யேசுதாசனுக்கு!

பெண்டாட்டி ராக்கம்மாவிடம் போனில் பொருமித் தீர்த்தேன். "கும்புட்டு மாஃபி மாஃபின்னு கெஞ்சுனேன்டி. இஜாஸான்னு என்னமோ லீவப் பத்திக் கத்துனான், கலாஸ், முடிஞ்சதுன்னு போயிட்டான். கல்லு நெஞ்சுக்காரன்! இந்த ஐரிஷ் பயதான் போட்டுக் குடுத்திருக்கான். இவனுக்கும் ஊருக்குப் போகணும்ல?" கீழே திரை லேசாக அசைந்தது. கேட்கட்டும் என்றே கூடுதலாகக் கத்தினேன்.

அதற்குப் பிறகு அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன். டீ நேரத்தில் அவன் போர்மேனோடு சிரித்துப் பேசுவதையும், இந்தத் தடவை நாடகத்துக்கு அவசியம் வரவேண்டும் என்று கூப்பிடுவதையும் பார்த்தபோது எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. துரோகி.

கிறிஸ்துமஸ் வந்தது. மெஸ் ஹாலின் முன்வரிசையில் அபு நாசர். பிரியாணிக்கு வந்திருப்பார். திரை விலகியதும் எனக்கு ரத்தம் கொதித்தது. மேடையில் சாரம், மேலே என்னைப் போலவே தலையில் துண்டு கட்டிய ஒருத்தன். கிளாம்ப் விழுகிறது. போர்மேன் வேஷத்தில் யேசுதாசன் குதிக்கிறான், கத்துகிறான். பிறகு, கத்திய குரல் இறங்காமலே கேட்கிறான்: "இஜாஸா?"

லீவு வேணுமா என்று அர்த்தம். அவ்வளவுதான். அந்த மனுஷனுக்குச் சாதாரணக் குரலே அதுதான்.

துண்டு கட்டியவன் நடுங்கிக் கும்பிட்டான். "மாஃபி சார், மாஃபி!"

"மாஃபி?" போர்மேன் வேஷம் வாயைப் பிளந்தது.

"மாஃபி! மாஃபி!"

"கலாஸ்!" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போனது.

ஹால் அதிர்ந்தது. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. நான் கேட்டது ஹிந்தி மாஃபி, மன்னிப்பு. அவர் காதில் விழுந்தது அரபி மாஃபி, இல்லை, வேண்டாம். இரண்டும் தினமும் என் வாயில் புழங்குகிற வார்த்தைகள்தான். அட முட்டாப்பயலே கார்மேகம், உன் லீவை நீயே வேண்டாம் என்று கும்பிட்டுச் சொல்லியிருக்கிறாய்!

அபு நாசர் சிரிக்கவில்லை. எழுந்து திரும்பி என்னைத் தேடினார். அதே இடிக்குரல்: "கார்மேகம்! இஜாஸா ஃபீ? மாஃபி?"

உண்டா, இல்லையா? "ஃபீ! ஃபீ சார்! ஃபீ!" என்று பெஞ்சுமேல் ஏறிக் கத்தினேன். அவர் மேடையிலிருந்த யேசுதாசனைப் பார்த்தார். அவன் ஒட்டு மீசையோடு தலையை ஆட்டினான். கலாஸ், லீவு என்னிடம் திரும்பிவிட்டது.

மறுநாள் மத்தியானம் மேல் கட்டிலில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கீழே திரைக்குள் அவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். முதல் தடவையாக நான் ஒட்டுக்கேட்டேன்.

"ஜினி மக்களே, கரையாத, கண்ணத் தொட. புதுநன்மைக்கி அம்மை ஒனக்க பக்கத்துலதான் நிப்பா. அப்பாக்கு லீவு இல்ல மக்களே... நாடகமா? எல்லாரும் நல்லா சிரிச்சாவ."

அவன் மகளுக்குக் கோயிலில் முதன்முதலாக நன்மை கொடுக்கும் புதுநன்மைச் சடங்கு என்று எனக்குத் தெரியாது. நான் என்றைக்கு அவனிடம் எதையாவது கேட்டேன்? தலையைக் கீழே தொங்கவிட்டுத் திரையைப் பார்த்துக் கேட்டேன்: "ஏய்யா, இதை நேர்ல சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா நீ நம்பியிருப்பியாலே?"

பெட்டிப் பூட்டை இரண்டு தரம் திறந்து மூடினேன். அப்புறம் சொன்னேன்: "யேசுதாசா... மாஃபி."

திரை விலகவில்லை. குரல் மட்டும் வந்தது. "எந்த மாஃபிலே?"

"ஹிந்திதான்யா," என்றேன்.