மாங்காய் வத்தல் பொடி ஒரு சிட்டிகை

அடையாறில் ஒரு கம்பெனிக்கு நான் உணவு ஆலோசகராக இருந்தேன். ஆளுக்கொரு டயட் எழுதிக் கொடுத்தேன். ஒருவருக்குக் கீட்டோ, ஒருத்திக்கு வீகன், மேனேஜருக்கு உப்பில்லாச் சாப்பாடு. ஒரு வாரம்கூட யாரும் தாங்கவில்லை.

அங்கே சாப்பாட்டு அறையில் மேஜை துடைக்கும் ஓர் அக்கா இருந்தார். ஒல்லியான உடம்பு, நீல யூனிபார்ம் கோட்டு, அதன் பையில் ஒரு பழைய மாத்திரை டப்பா. யாராவது டிபன் பாக்ஸைத் திறந்து முகம் சுளித்தால் போதும், அந்த டப்பாவிலிருந்து மாங்காய் வத்தலை இடித்த பொடியை ஒரு சிட்டிகை தூவிவிடுவார். பனீரிலும் விழும், தினைச் சாதத்திலும் விழும். பாக்ஸ் காலியாகிவிடும். என்னைத் தாண்டி அவரிடம்தான் எல்லாரும் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் மடக்கினேன். "ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு டயட். எல்லாத்துக்கும் ஒரே பொடியா?"

"மேடம், இதுல உப்பு கீதா, எண்ண கீதா? உப்பு போடாம காய வெச்சது, வெறும் புளிப்பு. நீங்க சார்ட்டுல எய்தினத துன்ன வைக்கத்தான் போடறேன்" என்றவர், என் டிபன் டப்பாவை எட்டிப் பார்த்தார். "நீங்களே பாதி மிச்சம் வெச்சிகிறீங்களே?"

சட்டென்று மூடிக்கொண்டேன்.

சில மாதங்களில் பலருக்கு எடை குறைந்தது. கைதட்டல் எனக்குத்தான் கிடைத்தது.

இப்போது தி.நகரில் என் சொந்தக் கிளினிக்கில் நான் எழுதும் எல்லா டயட் சார்ட்டிலும் அந்தப் பொடிதான் கடைசி வரி. யார் சொன்னது என்று கேட்டால், என் அனுபவம் என்பேன். அந்த அக்காவின் பெயரை நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.