தொடைக்குள் ஒரு மோட்டார்

ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்கிறான். அந்நேரம் பட்டறையில் யாரும் தும்மக்கூடாது. "பின்பக்க பேரிங் போச்சு. கழட்டு." கழற்றினால் போயிருக்கும். பாம்புக்காது என்று சும்மாவா கூப்பிடுகிறோம்?

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒற்றை டெஸ்டரோடு தொடங்கிய பட்டறையில் இன்று ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்ட என்னை விட்டால் ஆள் இல்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். காது விஷயத்தில் மட்டும் இவனிடம் தோற்றேன்.

கெட்டுப்போன மோட்டாரை "இவரு" என்பான். நன்றாக ஓடுவதை "நம்ம பய" என்பான். வீட்டில் மின்விசிறி நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவான். "சத்தம் இருந்தாத்தாண்ணே உசுரு இருக்கு."

இரண்டு மாதம் முன்பு அவன் கால் தூண்போல வீங்கியது. ரத்தக்கட்டி. தொடை இடுக்கில் ஊசித் துளை போட்டு, குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். நாலாம் நாள் பட்டறையில் நின்றான். "கத்தியே படலண்ணே. பஞ்சர் ஒட்டின மாதிரி முடிஞ்சுது."

அப்புறம்தான் கவனித்தேன். வேலை நடுவே இடது கை தொடைக்குப் போகும். மடியில் பூனை படுத்திருப்பதுபோல் தடவுவான். ஒரு மத்தியானம் எல்லா மோட்டாரையும் நிறுத்திவிட்டு, ஸ்க்ரூடிரைவரைத் தன் தொடையில் ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா கூத்து இது?"

"நீங்களே கேளுங்கண்ணே. நம்ம பய."

குனிந்து கேட்டேன். உர்ர்ர்ரென்று, மூச்சு விடாமல், ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுமே. அடைப்பு போச்சுல்ல, ஓட்டம் கேக்குது."

அவன் மனைவி வேறு சொன்னாள்: "பக்கத்துல படுத்தா மெத்தை அதிருதுண்ணா. கேட்டா, ‘ஓடட்டும் விடு’ங்கறாரு."

சட்டையைப் பிடித்து இழுத்துப் போனேன். தொடையில் கை வைத்ததுமே டாக்டரம்மாவின் முகம் மாறியது. ஊசி போன இடத்தில் நல்ல ரத்தக் குழாய்க்கும் கெட்ட ரத்தக் குழாய்க்கும் நடுவே குறுக்குவழி திறந்துவிட்டதாம். நூறில் ஒருவருக்கு வந்தாலே அதிகம். விட்டால் இதயம் இழுத்து இழுத்தே ஓய்ந்துவிடும். அடைத்தாக வேண்டும்.

"அடைச்சா சத்தம் நின்னுடுமா?"

"நின்னாத்தான் நல்லது."

கையெழுத்துப் போடமாட்டேன் என்று பேனாவைத் தள்ளிவிட்டான். மனைவி காலில் விழாத குறை. எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா, பேரிங் போன மோட்டாரும்தானே சத்தம் போடுது!"

தொடையிலிருந்த கையை விலக்கினான். பேனாவை எடுத்தான்.

அடைத்தாயிற்று. வேலைக்கு வருகிறான். காலையில் முதல் மோட்டாரைத் தொடுமுன் ஸ்க்ரூடிரைவரைத் தொடையில் வைக்கிறான். வெகுநேரம் கேட்கிறான். அங்கிருந்து எடுத்து நெஞ்சில் வைக்கிறான். அதையும் கேட்கிறான். பிறகு கைப்பிடியைச் சட்டையில் துடைத்து, முனையை நெஞ்சிலிருந்து எடுக்காமல், என் காதுப் பக்கம் சாய்க்கிறான்.