இருபத்திரண்டு நிமிட வீடியோ

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் கடற்கரைப் பங்குக் கோயில்களில் கல்யாணம் கிடையாது. அந்த நாற்பது நாளும் என் ஸ்டூடியோவில் ஃபேன் மட்டும்தான் ஓடும். அப்படி ஒரு மத்தியானம் திருச்செந்தூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் போன் செய்தார்.

"என்ன வே, மிரர்லெஸ் கேமரா வாங்கலாமா?"

"தாராளமா வாங்கும்" என்றேன். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். பழைய கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே கண்ணாடி எழும்பி விழும். தாலி கட்டும்போது அந்தச் சத்தம் கேட்டுப் பங்குச் சாமியார் பீடத்தில் நின்றபடியே முறைப்பார். இதில் கண்ணாடியும் இல்லை, சத்தமும் இல்லை. கழுத்துவலி பாதி போயிற்று. மணப்பெண் எங்கே நகர்ந்தாலும் அவள் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்ளும், வீடியோவிலும் விடாது. குறையையும் மறைக்கவில்லை. பேட்டரி சீக்கிரம் தீரும். கடற்கரையில் லென்ஸ் மாற்றினால் தூசி நேராக சென்சாரில் போய் உட்காரும். ஃபோர்கே என்கிற உயர்தர வீடியோ எடுத்தால் நம்மூர் வெயிலில் சூடாகி நின்றுவிடும்.

"எவ்வளவு நேரத்துல நிக்கும்?"

"இருபத்திரண்டு நிமிசம்."

"அவ்ளோ கரெக்டாவா?"

வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை.

நான் இந்தக் கேமரா வாங்கிய அன்று, முன்பக்கம் திருப்பிவைக்கும் அதன் திரையைப் பார்த்து என் மனைவி சிரித்தாள். "இனிமே நீங்களும் படத்துல வரலாம்லா." கல்யாணப் படத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து நின்ற படம் ஒன்றுகூட இல்லை. ஊரையே படம் எடுத்தவன் நான். போனில் எடுப்போமா என்றால், "ஃபிரேம் போடணும், நல்ல கேமராவுல எடுங்க" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி வெயிலில் கடற்கரைக்குப் போனோம். மறுநாள் முத்தையாபுரத்தில் ஒரு கல்யாணம். புதுக் கேமராவை ஓடவிட்டு, எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்காமல் கல்யாணத்துக்குக் கொண்டுபோக மாட்டேன். அந்தப் புத்தி அன்றைக்கா வர வேண்டும்? ஸ்டாண்டில் மாட்டி, அவளைக் கரையோரம் அங்குமிங்கும் நடக்கச் சொல்லி, வீடியோவை ஓடவிட்டேன். கேமரா சூடாகி நின்றது. சூடு தணிந்தபோது பேட்டரி தீர்ந்திருந்தது. இன்னொரு பேட்டரி வீட்டில் சார்ஜரில் கிடந்தது.

"தவக்காலம் வரட்டும், ஆற அமர எடுப்போம்" என்றேன். அவளும் சரி என்றாள்.

அதன்பின் வரிசையாகக் கல்யாணங்கள். தவக்காலம் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது நெஞ்சுவலி வந்து அவள் போய்விட்டாள். இப்போது எனக்கு நேரமோ நேரம். வீட்டுக்குப் போகத்தான் பிடிக்கவில்லை.

நண்பரின் போனை வைத்த பிறகு அந்த வீடியோவைப் போட்டேன். கேமரா ஒரு நொடிகூட அவள் கண்ணை விடவில்லை. கடைசியில் நின்று திரும்பிப் பார்க்கிறாள்.

"வெயில் இறங்குது. நீங்களும் வாங்க, சேந்து நிப்போம்."

"இரு, இந்தா வாரேன்" என்கிறது என் குரல்.

அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் எனக்கு இடம் விட்டு நிற்கிறாள். அத்தோடு வீடியோ நின்றுவிடுகிறது.