பின்கதவுக்குப் போகும் வழி

ஸ்டோர் கீப்பர் வேலையில் சாமான் தொலைந்தால் நாம் கள்ளர். தொலையாவிட்டால் சும்மா இருந்து சம்பளம் வாங்குகிறவர். என்னைப்போலச் சாவிக்கொத்தோடு அல்லாடும் நண்பர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முப்பது வருடம் தொழிற்சங்கத்துக்குத் துண்டுப்பிரசுரம் எழுதினேன். சங்கம் கலைந்தது, நான் கலையவில்லை. வாழைச்சேனையில் ஒரு மொத்த வியாபாரியின் களஞ்சியத்தில் வந்து ஒதுங்கினேன்.

அலுமாரி

அங்கே ஸ்பொஞ்ச் மெத்தைகளும் பிளாஸ்டிக் கதிரைகளும் தரையில் ஆள் உயரத்துக்குத்தான் கிடந்தன. முதலாளி சிவலிங்கம் சாமானை மேலே மேலே அடுக்கக் கூரை முட்ட இரும்புத் தட்டு இறாக்கைகள் அடிப்பித்தார். கடைசி வரிசை சரியாகப் பின்கதவை மறித்து எழும்பியது. உள்ளே சுமை தூக்கும் நாட்டாமிகள் எட்டுப் பேர். முன்பக்கம் நெருப்புப் பிடித்தால் அவர்கள் எதால் ஓடுவது என்று கேட்டேன். கட்டடத்துக்கு எடுத்த அனுமதி இந்த உயரத்துக்குச் செல்லாது, வரைபடம் காட்டிப் புதிதாக எடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"வீட்டுக்கு அலுமாரி வாங்கினா ஆரிட்ட அண்ணன் அனுமதி கேக்கிற?"

பொட்டு வைத்த சிலிண்டர்

பிரசுரம் எழுதினேன், நான்கு பக்கம். உலகத் தொழிலாளர் முதற்பக்கத்திலேயே வந்துவிட்டார்கள்; பின்கதவு மூன்றாம் பக்கத்தில் வந்தது. முதலாளி என் வாயை அடைக்க இரண்டு தீயணைப்புச் சிலிண்டர்கள் வாங்கி மாட்டினார். ஆயுத பூசையில் அவற்றுக்கும் சந்தனம், பொட்டு, மாலை.

அடுத்த வாரம் நாட்டாமிகளுக்குப் பயிற்சி வைத்தேன். மூத்தவர் கந்தையாவிடம் சிலிண்டரின் ஊசியை இழுக்கச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்.

"பூசை வெச்ச சாமானைக் குளிக்காம எப்படித் தொடுற தோழர்?"

அதிகாரி வந்த நாள்

கடைசியில் தீயணைப்பு அதிகாரிக்கு மனுப் போட்டேன். வந்தார், அளந்தார். மேல்தட்டு மெத்தை மின்குமிழில் முட்டிக்கொண்டிருந்தது. இறாக்கைக் கால்கள் தரையில் பூட்டப்படவில்லை. பின்கதவு எங்கே என்றார். அடித்தட்டுக்குக் கீழால் குனிந்து போகலாம் என்றார் முதலாளி. அப்படியானால் நீங்களே ஒருதரம் போய்க் காட்டுங்கள் என்றார் அதிகாரி, மிகவும் மரியாதையாக.

முதலாளி நுழைந்தார். பாதி நுழைந்தார். இடுப்பில் கட்டிய சாரம் ஆணியில் மாட்டிக்கொண்டது. வயிறு தட்டில் மாட்டிக்கொண்டது. முன்னுக்கு இழுத்தால் மானம் போகும், பின்னுக்கு இழுத்தால் தோல் போகும். எட்டு நாட்டாமிகளும் இறாக்கையைத் தூக்கிப் பிடித்தார்கள். கீழேயிருந்து குரல் வந்தது.

"அண்ணன், இந்தக் கடைசி வரிசையக் கழட்டச் சொல்லுங்க."

வெற்றி

வரிசை கழன்றது. நான்கு அடி அகலத்தில் வழி பிறந்தது. இருபுறமும் மஞ்சள் கோடுகளை நானே முழங்காலில் நின்று அடித்தேன். என் வாழ்நாளில் நான் முழுதாக வென்ற போராட்டம் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை வந்து பார்த்தேன். இரண்டு மஞ்சள் கோட்டுக்கும் நடுவில் எட்டுச் சைக்கிள்கள் கதவு வரை நெருக்கி நின்றன. கோபத்தில் முதல் சைக்கிளைப் பிடித்து வெளியே இழுத்தேன். கந்தையா என் தோளில் கைபோட்டு ஆறுதல் சொன்னார்.

"வெயில்ல விட்டா டயர் போயிரும். நீங்க போராடி எடுத்துத் தந்த இடம்தானே தோழர், எங்களுக்கில்லாம ஆருக்கு?"

ஆகவே, தொழிலாளரின் உயிரைக் காப்பதற்காக இப்போது நாள்தோறும் காலையில் தொழிலாளரின் திட்டைக் கேட்டபடி அவர்களுடைய சைக்கிள்களை வெளியே உருட்டிக்கொண்டிருக்கிறேன்.