காஜா அண்ணனின் இடப்பக்கம்

போன செவ்வாய்க்கிழமை காலை குரோம்பேட்டை ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கும்போது கைப்பேசி அடித்தது. காஜா அண்ணனின் மகள். "டீச்சர், அத்தா மவுத்தாயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, உக்காந்தாங்க, அவ்ளோதான்" என்றாள். பின்னால் வந்த கூட்டம் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. படிக்கட்டோரம் ஒதுங்கி நின்று அழுதேன். அழுகையோடு கூடவே ஒரு பழைய பயமும் எழுந்து வந்தது. அந்தப் பயத்தைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

நம் நலச்சங்க மலரைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். மாடம்பாக்கத்திலிருந்து கிழக்குத் தாம்பரம் பள்ளிக்கு நம் பிள்ளைகளை ஏற்றிப்போன வேன்காரர். சொந்த வேன், அவரே ஓட்டுவார். உங்களில் சிலர் அடக்கத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

ஒருநாள் மகளை வேனில் ஏற்றும்போது பின் இருக்கைக்கு அடியில் ஒரு ரிமோட் காரைப் பார்த்தேன். கடையில் விற்கிற பொம்மை இல்லை. முழங்கை நீளம், முரட்டு டயர், உள்ளே நிஜ ஸ்பிரிங்குகள். எனக்கும் ஒன்று வேண்டும் என்று அந்த நிமிஷமே ஆசை பிடித்துவிட்டது. வீட்டில் சொன்னேன். "காலேஜ்ல பாடம் எடுக்கிற பொம்பளைக்கு இதென்ன கிறுக்கு?" என்றார் என் கணவர். காஜா அண்ணன் சிரிக்கவில்லை. "வண்டி யாருக்கு டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத்தான் என்றேன். "அப்ப சரி. கொயந்தைக்குன்னா இன்னா கலர்னு கேட்டுட்டு வுட்ருப்பேன். உங்களுக்குன்னா நெறய கேக்கணும்" என்றார்.

நிறையவே கேட்டார். வண்டியை எங்கே ஓட்டுவேன், உடைந்தால் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியுமா, பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிற ஆளா. நான் வேகமான வண்டியின் படம் ஒன்றைக் காட்டினேன். அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். "பெட்ரோல் வண்டி வாணாம், அத்த ட்யூன் பண்ணிகினு இருந்தா ஞாயித்துக்கெயம முடிஞ்சுடும். கரண்டு வண்டி வாங்குங்க. அதுலயும் மெதுவா போறது. உங்க கண்ணு போற வேகத்துக்கு மேல வண்டி போவக்கூடாது டீச்சர். கண்ண வுட்டுட்டு ஓடுற வண்டி உங்க வண்டி இல்ல." நான் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டேன். சிங்கப்பூரிலிருந்து வந்த அவர் மச்சான் எனக்கொரு மஞ்சள் நிற வண்டியைக் கொண்டுவந்தார். ஆமை. ஆனால் எத்தனை முறை கவிழ்ந்தாலும் உடையாத ஆமை.

மாடம்பாக்கத்தில் வீடு கட்டாமல் கிடந்த ஒரு லேஅவுட்டில் ஞாயிறுதோறும் ஐந்தாறு பேர் கூடுவோம். தார் ரோடு மட்டும் போட்டிருப்பார்கள், இருபுறமும் மனைக்கற்கள். அங்கே காஜா அண்ணன் வைத்த சட்டம் ஒன்று உண்டு. எங்களுடையவை பழைய ரக ரிமோட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிக்னல் நம்பர். ஒரே நம்பரில் இரண்டு ரிமோட் வேலை செய்தால் ஒருவர் அழுத்துவதற்கு இன்னொருவர் வண்டி தறிகெட்டு ஓடும். அதனால் ஓர் அட்டையில் நம்பர் எழுதிய துணி கிளிப்புகளை மாட்டிவைத்திருப்பார். உன் நம்பர் கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்ட பிறகுதான் ரிமோட்டைத் தொடலாம். மறந்து ஆன் செய்தவனை அவர் திட்டுகிற திட்டில் காக்கா பறக்கும். "வண்டிய எவன் ஓட்டுறான்னு தெரியலன்னா அத்தவிடப் பேஜாரு வேற இல்ல" என்பார்.

எனக்கு ஓட்ட வர இரண்டு மாதம் ஆனது. நம்மைவிட்டு விலகிப் போகும் வண்டி சொன்னபடி கேட்கும். நம்மை நோக்கித் திரும்பி வரும்போது வலது இடதாகிவிடும், புத்தி தடுமாறும். அவருக்கு அந்தத் தடுமாற்றமே கிடையாது. அவருடைய ஏழாம் நம்பர் வண்டி மனைக்கற்களுக்கு நடுவே வளைந்து வருவதைப் பார்க்க அக்கம்பக்கத்து ஆட்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பார்கள்.

அந்த வண்டிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராகப் போய்க் கல்லில் மோதியது. "யார்ரா ஏழு ஆன் பண்ணது?" என்று கத்தினார். யாரும் பண்ணவில்லை. ஏழாம் நம்பர் கிளிப் அவர் சட்டையில்தான் இருந்தது. பக்கத்தில் புதிதாக முளைத்த செல்ஃபோன் டவர்தான் காரணம் என்று முடிவுகட்டினோம். அடுத்த வாரமும் மோதியது. ரிமோட்டை மாற்றினார், ஏரியலை மாற்றினார். எல்லாரும் சிக்னலையே குறைசொல்லிக்கொண்டிருந்தோம். கிளிப் வைத்துக் கார் ஓட்டுகிற எங்களுக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியதற்குக் காரணம் என் மகள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "வேன் மாமா இன்னைக்கும் மிர்ரரை இடிச்சிட்டார்மா." எந்தப் பக்கத்து மிர்ரர் என்று கேட்டேன். "எப்பவும் அந்தப் பக்கம்தான்" என்று இடது கையை நீட்டினாள். லேஅவுட்டில் அவர் வண்டி மோதிய கற்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. எல்லாமே அவருக்கு இடப்பக்கத்துக் கற்கள்.

அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை பள்ளி இல்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு உயிர் உயிராக இல்லை. மெயின் ரோட்டில் அந்த வேன் இடதுபுறம் ஒடிக்கும் ஒவ்வொரு திருப்பமும், அதில் பிதுங்கி வழியும் பிள்ளைகளும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். கணவரிடம் சொன்னால் நேரே போய்ச் சண்டை பிடிப்பார். எனக்கு முதலில் நிச்சயம் தெரியவேண்டியிருந்தது.

ஞாயிறு காலை எல்லா ரிமோட்டையும் அணைக்கச் சொன்னேன். கிளிப்புகள் அத்தனையும் அட்டைக்குத் திரும்பின. என் ஆமை வண்டியை அவர் கையில் கொடுத்து, "இதை ஓட்டுங்கண்ணா. இப்ப எந்த சிக்னலும் குறுக்க வராது" என்றேன். "இன்னா டீச்சர், என்னிய எல்கேஜில சேக்கிறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே வாங்கினார். வண்டி தூரம் போனது, அழகாகத் திரும்பியது, அவரை நோக்கி வந்தது. வந்து அவருடைய இடப்பக்கம் ஒதுங்கி, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கல்லில் மோதிக் கவிழ்ந்தது. சக்கரங்கள் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தன. அவர் விரல் இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தது. கண்கள் எதிரே வெறும் ரோட்டைத் தேடின. "எங்க போச்சு? சத்தம் கேக்குது, வண்டி எங்க?" என்றார்.

அவர் மெதுவாகக் கழுத்தைத் திருப்பினார். காலடியில் கிடந்த வண்டியைப் பார்த்த அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

நான் மென்று முழுங்குகிறவள் இல்லை. "நாளைக்கு என் பொண்ணு உங்க வேன்ல வரமாட்டாண்ணா. வேற யார் பொண்ணும் வரக்கூடாது" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. "என் பொயப்புல மண்ணள்ளிப் போடாதீங்க டீச்சர். வூட்ல மூணு பேரு என்னிய நம்பிக் கீறாங்க" என்று ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினார். நடந்துதான் போனார். வேன் அங்கேயே நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் அவர் வண்டி எடுக்கவில்லை. கண் டாக்டரிடம் போயிருக்கிறார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி இடது கண் பெரும்பாலும் போய்விட்டது, வலது கண் அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்ததால் போனதே தெரியவில்லை என்றார்களாம். சாயங்காலம் என் வீட்டு கேட்டில் வந்து நின்றார். "எல்லா வூட்டுக்கும் போயி சொல்லணும். கூட வாங்க டீச்சர். எனக்கு வாய் வரலன்னா நீங்க சொல்லிடுங்க."

அவருக்கு வாய் வந்தது. ஒவ்வொரு கேட்டிலும் அவரேதான் சொன்னார். "எனக்கு இடப்பக்கம் கண்ணு தெரியல. இனிமே நான் ஓட்டல. வேற டிரைவர் போட்டுத் தரேன், இல்ல நீங்க வேற வேன் பாத்துக்கங்க." சிலர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் கத்தினார்கள். கத்தியவர்களை நான் குறைசொல்ல மாட்டேன், முதலில் கத்தியவள் நான்தானே. உங்களில் பலர் பிள்ளைகளை வேனிலிருந்து நிறுத்திக்கொண்டீர்கள். அவர் ஒரு டிரைவரைப் போட்டு, அரை வயிற்றோடு பிழைப்பை ஓட்டினார். அதன்பிறகு லேஅவுட்டுக்கு வரவே இல்லை. இந்த ஐந்து வருடமும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மகளின் படிப்பைத்தான் விசாரித்தார்.

எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது, அந்தச் சாயங்காலம் கடைசி வீட்டில் அவர் சொன்ன ஒரு பதில். அந்தப் பிள்ளையின் அம்மா கேட்டுக்கு உள்ளேயே நின்று கேட்டாள்: "எவ்வளவு நாளா இப்படி?" போன மாதம்தான் என்று சொல்லியிருக்கலாம். மறுக்க அங்கே டாக்டர் இல்லை. நானே அவர் அப்படிச் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அவர் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்:

"தெரியலக்கா. ஒரு வருசமா, ரெண்டு வருசமா, தெரியல. உங்க பையன் ஏறுற பக்கம் அதான். அத்தினி நாளும் எனக்கு எல்லாமே தெரியுதுன்னுதான் ஓட்டிகினு இருந்தேன்."